கதவில் நாலு விரல்

பிரேம்காரரை ஏன் இப்படிப் போட்டு வறுக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் வறுக்கவில்லை. அந்த மனுஷன் தானாகவே சட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த ஊரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றே ஒன்று. யார் வீட்டில் யார் போனாலும் மறுநாள் அவரிடம்தான் போட்டோ வரும். அளவெடுப்பார், கண்ணாடி வெட்டுவார், பின்னால் அட்டை வைத்துச் சின்ன ஆணிகளாக அடிப்பார், துடைத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் சொந்த மகளின் போட்டோவுக்கு மட்டும் சட்டம் போடவில்லை. பத்தொன்பது வயதுப் பெண். மூன்று நாள் காய்ச்சல். போய் ஒரு வருஷம் நாலு மாசம் ஆகிறது. பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நாத்தனார் கூப்பிடுவதைப் போல நாமும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உள்ளூர் ஓவியர்களின் கூட்டுக் கண்காட்சி நோட்டீஸைப் பார்த்ததும், கொஞ்சம் வரையத் தெரிந்த அண்ணி பேர் கொடுத்தாள். கண்காட்சிக்கு வரும் அத்தனை படங்களுக்கும் சட்டம் போடுவது அவர் கடைதான். போட்டோவுக்கு மாட்டேன் என்கிறவர் ஓவியத்துக்குப் போட்டுத்தானே ஆக வேண்டும். அப்படியாவது மகள் ஒரு சுவருக்கு வரட்டும், நாலு பேர் அவளைப் பார்க்கட்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

சுருட்டிய தாளை அவள் கடை மேஜையில் வைத்ததையும், கட்டிய மனைவிக்கே அவர் ரசீது எழுதிக் கொடுத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

இன்று கண்காட்சி. பதினொரு மணிக்குத் திறப்பு.

அண்ணி ஆறு மணிக்கே எழுந்து, செய்த வேலையையே திரும்பச் செய்துகொண்டிருந்தாள். துவைத்த பாத்திரத் துணியை மறுபடி துவைத்தாள். பிரேம்காரர் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து டீ குடித்தார். படம் எப்படி வந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வர்றீங்களா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். கடையில் அவசர வேலை இருக்கிறது என்றார். பிறகு டம்ளரைக் கழுவி வைத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அன்று அவளுக்கு நேரமில்லை.

ஒன்பதரைக்கு ரேடியோ வந்தாள். பிரேம்காரரின் தங்கை. தையல் கடை வைத்திருக்கிறாள். வாய் திறந்தால் அணைக்க முடியாது என்பதால் அந்தப் பேரை வைத்தது அண்ணியின் மகள்தான். பழிக்குப் பழியாக இவள் அவளுக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தாள். வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் சைகையில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கும் வெளியாள் ரேடியோ ஒருத்திதான். அன்றைக்கு நிஜமாகவே அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள்.

படம் என்ன தெரியுமா? சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும் முன் அறை. நாற்காலி, செருப்பு அடுக்கு, இடது ஓரத்தில் பாதி திறந்த வாசல் கதவு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை, சில்வண்டு தன் காலாலேயே நடந்து போய்த்தான் ஆட்டோவில் ஏறினாள். போகிறவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். சாயங்காலம் வந்துடுவேன், என் போர்வையைத் துவைச்சிடாதே என்றாள். அதுதான் படம்.

கண்காட்சிக்கென்று கொடுத்த தாளில் அண்ணி அறையை வரைந்து முடிக்க மூன்று மாசம் ஆனது. மகளை மட்டும் வரைய முடியவில்லை. தாளில் இடமே இல்லாமல் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்ன தோன்றியதோ, இடது பக்கம் நாலு அங்குலத்துக்கு இன்னொரு தாளை ஒட்டினாள். அதில் மகளை ஒரே மூச்சில் வரைந்தாள். தோள், திரும்பிய முகம், நெற்றியில் ஒட்டிய முடி. கை மட்டும் ஒட்டிய கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. கதவைப் பிடித்த நாலு விரல் பழைய தாளில் விழுந்தது.

நூலகத்துக்கு மேலே இருக்கும் நீளமான அறைதான் கூடம். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அவருக்குச் சட்டதிட்டங்கள் அதிகம். சுவரில் கொக்கிகள் ஜோடி ஜோடியாக நிரந்தரமாக அடித்திருக்கும், எல்லாச் சட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முந்தின நாள் படம் மாட்டும்போது ஓவியர்கள் மாடிப்படி ஏறக் கூடாது. ஒரு வருஷம் பல் டாக்டரும் மின்சார ஆபீஸ் கிளார்க்கும் மின்விசிறிக்கு எதிர்ச் சுவர் யாருக்கு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு. பிரேம்காரரும் மாஸ்டரும் மட்டும் மாட்டுவார்கள். திறந்த பிறகு மூன்று மணி வரை ஓவியர்கள் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மொத்தம் பதினோரு பேர். பல் டாக்டர் குதிரைதான் வரைவார், எல்லாக் குதிரையும் பல்லைக் காட்டும். கிளார்க் சூரிய அஸ்தமனம். மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா ஒரே பூந்தொட்டியைப் பன்னிரண்டு வருஷமாக வரைகிறார், தொட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. மாஸ்டர் பேசினார். கலை, சமுதாயம், மாடிப்படியில் எச்சில் துப்பாதீர்கள், மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அண்ணியின் படம் ஏழாம் எண். ஜன்னலை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில். ரேடியோதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். போனவள் படத்தைப் பார்த்தாள், பக்கத்துப் படத்தைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அறைக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

"அண்ணி, புள்ள எங்க?"

அறை இருந்தது. நாற்காலி இருந்தது. செருப்பு அடுக்கில் மூன்று ஜோடிச் செருப்பும் இருந்தன. இடது ஓரத்தில் கதவு, கதவின் விளிம்பில் நாலு விரல். அதற்கு அப்புறம் சட்டம். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரி இல்லை.

கீழே ஒட்டிய சீட்டில் மாஸ்டரின் அழகான கையெழுத்தில் தலைப்பு: சாயங்காலம் வந்துடுவேன்.

அண்ணி அழவில்லை. உள்ளே மடித்திருப்பார், சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும் என்று நினைத்து, கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். இல்லை. ஒட்டு இருந்த இடத்தில் தாள் நேராக, சுத்தமாக முடிந்திருந்தது. அந்த நேர்கோட்டை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கும் கையின் வேலை அது. ஸ்கேல் வைக்காமல் அப்படி அறுக்க ஊரில் வேறு ஆள் கிடையாது.

வெட்டிவிட்டார்.

ஓவியர் கொடுத்த தாளில் பிளேடு படக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் விதி. கிளார்க்கின் அஸ்தமனத்தைக்கூட ஒரு நூல் அளவு அவர் குறைத்ததில்லை. பெற்ற மகளைத்தான் வெட்டி எடுக்க மனசு வந்திருக்கிறது.

ரேடியோ அதற்குள் படி இறங்கிவிட்டாள். இன்னிக்கு எங்க அண்ணனுக்கு இருக்கு என்று சொன்னது மட்டும் மாடிப்படியில் கேட்டது. அண்ணியும் போயிருப்பாள். ஆனால் கால் வரவில்லை. அந்த நாலு விரலைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல், மாஸ்டர் சொன்ன விதிப்படியே படத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. படம் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

மருந்துக்கடை அம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார். பத்திரிகைக்காரப் பையன் குதிரைகளைத் தாண்டி வந்து இதைத்தான் போட்டோ எடுத்தான். யாரோ ஒருத்தர், விரலைப் பார்த்தால் உள்ளே வருவது போலவும் இருக்கிறது, வெளியே போவது போலவும் இருக்கிறது என்று தன் மனைவிக்கு விளக்கினார். அவர் மனைவி தலையாட்டினார். அண்ணியும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

பல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆளைக் காட்டாம விட்டீங்க பாருங்க, அங்கதாம்மா நிக்கிறீங்க. நானா இருந்தா முழுசா வரைஞ்சு கெடுத்திருப்பேன்."

நல்ல மனுஷர். சில்வண்டுக்குப் பதினாலு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டியவரே அவர்தான். அதை அவர் மறந்துபோயிருந்தார். அண்ணி நன்றி டாக்டர் என்றாள். மகள் இல்லாததற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மகள் போனபோதுகூட அவளுக்கு இப்படி இல்லை. அப்போது ஆளாளுக்கு வந்து அழுதார்கள். இங்கே எல்லோரும் சிரித்த முகமாக வந்து, அவள் இல்லாதது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதற்கு மேல் வரைய வேண்டாம், பேச வேண்டாம், அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானத்துக்குப் பிறகு கூட்டம் கரைந்தது. இரண்டரை இருக்கும், தோளில் பயணப் பையோடு ஒரு பெண் வந்தாள். அண்ணி வயதுதான். வெளியூர்க்காரி. மூன்றரைக்கு பஸ், அதுவரை நிழலில் நிற்கலாமே என்று ஏறி வந்ததாக மாஸ்டரிடம் சொன்னாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஏழாம் எண்ணில் நின்றுவிட்டாள். தலைப்பைப் படித்தாள். பையைக் கீழே வைத்தாள். பத்து நிமிஷம் அசையவில்லை.

இது கிடைக்குமா என்று கடைசியில் கேட்டாள். விலை சொல்லுங்கள், இப்போதே முடியாவிட்டாலும் அனுப்பி வைக்கிறேன் என்றாள். எதற்கு என்று அண்ணி கேட்டாள்.

"எங்க வீட்டுலயும் இப்படிச் சொல்லிட்டுப் போன ஒருத்தர் இருக்காருங்க."

அண்ணி கையைத் தூக்கி, இரண்டு கொக்கியிலிருந்தும் படத்தைக் கழற்றினாள்.

மாஸ்டர் ஓடி வந்தார். பத்து நாள் கண்காட்சி, பட்டியல் அச்சாகிவிட்டது, முதல் நாளே சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன அர்த்தம் என்று கத்தினார். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டியல் கட்டு வந்த பழுப்புத் தாளை எடுத்து அவளே சுற்றினாள். மூலைகளில் நூல் போட்டு முடிந்தாள். காசு வேண்டாம், பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகப் பத்திரமாக வைத்துக்கொண்டு போங்கள் என்றாள். அந்தப் பெண் கும்பிட்டாள், கண்ணைத் துடைத்தாள், இரண்டு கையாலும் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். விற்றிருந்தால் மாஸ்டர் பேரும் ஊரும் எழுதி வாங்கியிருப்பார். சும்மா கொடுத்ததற்கு அவரிடம் நோட்டு கிடையாது.

அண்ணிக்கு மனசு லேசானதா என்றால் இல்லை. மகள் இல்லாத படம் அவளுக்கு வெறும் தாள். யாருக்காவது உபயோகமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கொடுத்தாள். காலியான அந்த இரண்டு கொக்கியைப் பார்த்ததும்தான் அவள் கால் நகர்ந்தது.

கடைக்குப் போனபோது மூன்றேகால்.

ரேடியோ ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம் கத்தித் தீர்த்து, குரல் கட்டிப்போய், முகம் வீங்கியிருந்தது. அத்தனைக்கும் அவள் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லையாம். அவர் குனிந்து கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். யார் வீட்டு மாமியாரோ ஒரு கிழவியின் போட்டோ மேஜையில் மல்லாந்து சிரித்தது.

அண்ணி எதிரே நின்றாள். அவர் நிமிரவில்லை. கண்ணாடியில் கோடு போட்டார், தட்டினார், உடைத்தார், ஓரத்தைத் தேய்த்தார். அவள் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது, மூன்று இருபத்தைந்து காட்டியது. அந்த மனுஷன் அப்போது வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். எனக்கே அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் பேசாமல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே காரியம்.

"அளவு தாண்டி இருந்துச்சு," என்றார் கடைசியில். "எல்லாச் சட்டமும் ஒரே அளவு. உனக்குத் தெரியும்."

பொய்யை முழுசாகச் சொல்லட்டும் என்பது போல அண்ணி நின்றாள். அவரால் முடியவில்லை. கட்டரைக் கீழே வைத்தார்.

"அளவெல்லாம் இல்ல. கண்ணாடியை எடுத்து அவ மூஞ்சிக்கு மேல வெச்சேன். இந்த ஊருல எத்தனை மூஞ்சிக்கு மேல வெச்சிருப்பேன். அவ மூஞ்சிக்கு மட்டும் முடியல. கண்ணாடி வெச்சுட்டா அவளும் அந்த மாதிரி போட்டோதானே. நாலு தடவை வெச்சேன், நாலு தடவை எடுத்தேன். அப்புறம்தான் பிளேடை எடுத்தேன்."

அவர் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், தூக்கிக்கொண்டு போனபோது அழாதவர், யாரோ ஒரு கிழவியின் போட்டோவுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். அண்ணிக்கு அவர் மேல் கோபம் போகவில்லை. ஆனால் கை தானாக நீண்டு அவர் முழங்கையைப் பிடித்தது. பதினாறு மாசத்தில் அந்த இரண்டு பேரும் தொட்டுக்கொண்டது அப்போதுதான். அவளுக்கும் அழுகை வந்தது. அவருக்கும் அதே இடத்தில்தான் வலிக்கிறது என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

"அந்தத் துண்டு எங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

அவர் பதறிப்போய் நிமிர்ந்தார்.

"தூக்கிப் போடுவேனா நான்? அவ அதுலதான் இருக்கா. படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவுல, டிஷ்யூ தாள் சுத்தி, அவ முகம் மடங்காம வெச்சிருக்கேன். கண்காட்சி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கலாம்னு. வேற எடத்துல வெச்சா தொலைஞ்சுடும்னு பயமா இருந்துச்சு."

அண்ணியின் கை அவர் முழங்கையிலிருந்து விழுந்தது.

முதலில் புரிந்துகொண்டது ரேடியோதான். எழுந்து வந்து, கட்டிப்போன குரலில், என்ன அண்ணி, படம் அங்கதானே இருக்கு என்றாள். இல்லை, கொடுத்துவிட்டேன் என்றாள் அண்ணி. யாரிடம் கொடுத்தாய் என்றாள். தெரியாது. பேர்? கேட்கவில்லை. எந்த ஊர்? கேட்கவில்லை. மூன்றரை பஸ் என்றது மட்டும் நினைவிருந்தது.

மணி மூன்று முப்பத்தைந்து. பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷ நடை.

பிரேம்காரர் செருப்பில்லாமல் ஓடினார். மேஜை இடித்துக் கண்ணாடி விழுந்து உடைந்ததைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோ பின்னாலேயே ஓடினாள். மூன்றரைக்கு அங்கிருந்து மூன்று பஸ் மூன்று திசையில் கிளம்புகிறது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

அண்ணி ஓடவில்லை. தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே, வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேட்க ஒருத்தரும் இல்லாத கடையில், அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நானேதான் கழட்டினேன். நானேதான் நூல் போட்டுக் கட்டினேன். பஸ்ஸுல ஜன்னல் பக்கமா பத்திரமா வெச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னு, நானேதான் சொல்லி அனுப்பினேன்."